திருச்சியா, சென்னையா? பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கடல் கடந்து வாழும் எங்கள் திருச்சி, ஸ்ரீரங்கம் பிள்ளைகளுக்கு,

உங்கள் அப்பாவும் அம்மாவும் உங்களிடம் வந்துபோக விமான டிக்கெட் எடுப்பது நீங்கள்தான். எந்த நாள் கிளம்புவது, எங்கே விமானம் மாறுவது, எத்தனை கிலோ கொண்டுவருவது எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. "நீ பார்த்து எது செய்தாலும் சரிப்பா" என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டு வாய்திறக்காமல் இருப்பவர்களுக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

புறப்படும் ஊர் என்ற கட்டத்தில் சென்னை என்று போட்டால் வழிகள் கொட்டுகின்றன. திருச்சி என்று போட்டால் சிலதான் வருகின்றன, அவற்றிலும் பாதிக்கு விலை கூடுதலாக இருக்கிறது. சென்னையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டு, "சென்னைக்கு ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள், பணம் அனுப்பிவிடுகிறேன்" என்கிறீர்கள். அத்தோடு உங்கள் வேலை முடிகிறது. அவர்களுடைய வேலை அங்கேதான் தொடங்குகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். ஸ்ரீரங்கத்திலோ திருச்சியிலோ இருக்கும், எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு டிக்கெட் எடுக்கும்போது முதலில் திருச்சியைப் பாருங்கள். சென்னையை எடுப்பதென்றால் அதற்குத் தக்க காரணம் இருக்கட்டும். கட்டணத்தில் மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய் மட்டும் அந்தக் காரணம் ஆகாது.

ஸ்ரீரங்கத்திலிருந்து, சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கொள்ளிடம் பாலம், நம்பர் ஒன் டோல்கேட், சமயபுரம், பாடாலூர், பெரம்பலூர், தொழுதூர், வேப்பூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரம் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். சமயபுரம் தொடங்கிப் பரனூர் வரை ஆறு சுங்கச்சாவடிகள். நல்ல நாளில் ஐந்தரை மணி நேரம் ஆகும். பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் நாளாக இருந்தால் செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காக இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்ப வேண்டும். மேற்கே போகும் பெரிய விமானங்கள் பலவும் நள்ளிரவு தாண்டி விடிவதற்குள் புறப்படுபவை. ஆகவே மதியச் சாப்பாடு முடிந்து வீட்டைப் பூட்டும் பெரியவர், விமானத்தில் போய் உட்காரும்போது பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் கழிந்திருக்கும். உங்கள் திரையில் காட்டும் பயண நேரம் அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்குகிறது.

அவர்கள் உங்களிடம் சொல்லத் தயங்கும் ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். வழியில் சிறுநீர் கழிக்க நல்ல இடம் கிடைக்காது என்று எங்கள் தெருவில் பல அம்மாக்கள் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். சுங்கச்சாவடிக் கழிப்பறைகளில் ஈரத்தரை, கைப்பிடி இல்லாத குந்து கழிப்பறை; இவர்களுக்கோ மூட்டுவலி. வெட்கமும் பயமும் சேர்ந்து வாயைக் கட்டிவிடுகின்றன. அப்பாக்களில் பலருக்கு ப்ராஸ்டேட் தொல்லை. ஓட்டுநரிடம் அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம். இப்படி உடம்பில் நீர் வற்றிய நிலையில், காலைத் தொங்கவிட்டபடி ஆறு மணி நேரம் காரில் வந்து, பிறகு பத்துப் பதினைந்து மணி நேரம் விமானத்தில் உட்காருகிறார்கள். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைய வாய்ப்பு கூடும் என்பதை எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள். நீங்கள் விமானத்துக்கு மட்டும் அழுத்தக் காலுறை வாங்கி அனுப்புகிறீர்கள். கார் பயணமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

திரும்பி வருவது இதைவிட மோசம். பேரக்குழந்தையை விட்டுப் பிரிந்த மனம், நேரம் மாறிய உடம்பு, கையில் நான்கு பெட்டி. நள்ளிரவில் விமானம் இறங்கி, குடியேற்றமும் சுங்கமும் முடிந்து வெளியே வர இரண்டு, மூன்று மணி ஆகும். அங்கே காத்திருக்கும் ஓட்டுநர் யார்? அன்று பிற்பகல் திருச்சியிலிருந்து வண்டியைக் கொண்டுவந்தவர். கார் நிறுத்துமிடத்தில் இருக்கையைச் சாய்த்து, கொசுக்கடியில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்திருப்பார். அவரிடம் உங்கள் அப்பா அம்மாவைக் கொடுத்து, மனிதக் கண் தானாக மூடும் வேளையில் ஐந்தரை மணி நேரம் ஓட்டச் சொல்கிறோம். முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு எரியாது. வேப்பூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே விடியற்காலை விபத்து என்று நாளிதழில் வரும் செய்தியை இங்கே எவரும் ஆச்சரியத்தோடு படிப்பதில்லை. அந்த ஓட்டுநரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். வாடகையில் தங்குமிடத்துக்குப் பணம் சேர்த்துக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு.

இந்த விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. உங்களுக்கென்று வரும்போது நீங்கள் வெகு சரியாகத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். நியூ ஜெர்சியில் எடிசனில் வீடு இருப்பவர் நியூவார்க்கைத்தான் தேடுகிறார். ஜே.எஃப்.கே.யில் இறங்கினால் கொஞ்சம் மலிவு என்றாலும், அங்கிருந்து இரண்டு மூன்று பாலம் தாண்டி, போக்குவரத்தில் சிக்கி வீடு சேர வேண்டும் என்று நூறு டாலர் கூடக் கொடுக்கிறார். ஃப்ரீமாண்டில் இருப்பவர் உள்நாட்டுப் பயணம் என்றால் சான் பிரான்சிஸ்கோவா, ஓக்லாந்தா, சான் ஹோசேயா என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். லண்டனில் ஹீத்ரோவா கேட்விக்கா என்பது எந்தப் பக்கம் வீடு என்பதைப் பொறுத்தது. அத்தனை யோசனையும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு. இங்கே வித்தியாசம் முந்நூறு கிலோமீட்டர். பயணம் செய்பவருக்கு வயது எழுபத்தைந்து.

ஒரு நகரமே இப்படித் தூரத்தைக் கணக்குப் பார்த்ததும் உண்டு. கனடாவின் மாண்ட்ரியாலில் 1975-ல் மிராபெல் என்ற மிகப் பெரிய விமான நிலையத்தை நகரத்தை விட்டு வெகு தூரத்தில் கட்டினார்கள். வெளிநாட்டு விமானங்கள் அங்கேதான் இறங்க வேண்டும் என்று விதியும் போட்டார்கள். நகருக்குப் பக்கத்தில் இருந்த பழைய டோர்வாலை விட்டு அவ்வளவு தூரம் போக மக்கள் விரும்பவில்லை. கடைசியில் வெளிநாட்டு விமானங்களும் டோர்வாலுக்கே திரும்பின. 2004-ல் மிராபெல்லில் பயணிகள் விமானம் நின்றது. ஆளுக்காள் தன் வீட்டு வாசலிலிருந்து தூரத்தை அளந்ததால் வந்த முடிவு அது.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1926-ல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1973 வரை தமிழ்நாட்டுக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. அதில் சென்னைத் துறைமுகத்திலும் ஏறலாம், நாகப்பட்டினத்திலும் ஏறலாம். கப்பல் ஒன்றே. டெல்டாக்காரர்களுக்கு நாகப்பட்டினம் பக்கம். தஞ்சாவூர், திருவாரூர் வழியாக ரயிலில் போய், நாகையில் படகேறிக் கப்பலைப் பிடித்தார்கள். மெட்ராஸ் வரை போய் ஏறுவது தேவையில்லாத சுற்று என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் எத்தனையோ டெல்டாக் குடும்பங்களின் முதல் பயணம் அந்தத் துறைமுகத்தில்தான் தொடங்கியது. ரஜுலா நின்று, அதன் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலும் 1985-ல் தீப்பிடித்து நின்றபின், அந்தக் கடல்வழியே முடிந்துபோனது. அந்த மக்கள் போய்வருவதற்கான வாசலாகத் திருச்சி விமான நிலையம் அப்புறம் வளர்ந்தது.

எப்படி வளர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், உங்கள் தேடலில் திருச்சிக்கு ஏன் சில விமானங்கள் மட்டும் வருகின்றன என்பதும் புரிந்துவிடும். ஒரு நாட்டு விமான நிறுவனம் இன்னொரு நாட்டு ஊரில் இறங்க வேண்டுமானால் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்ய வேண்டும்; எந்தெந்த ஊர், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதெல்லாம் அதில் இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் இந்திய அரசு ஆசியான் நாட்டு நிறுவனங்களுக்கு என்று பதினெட்டுச் சுற்றுலா ஊர்களைத் தாராளமாகத் திறந்துவிட்டது. அந்தப் பட்டியலில் திருச்சி இருந்தது, மதுரை இல்லை. 2008 டிசம்பரில் மலேசியாவின் ஏர்ஏசியா இந்தியாவுக்குள் முதன்முதலாகக் கால்வைத்த ஊர் டில்லியோ மும்பையோ அல்ல, நம் திருச்சி. சிங்கப்பூரின் ஸ்கூட், மலேசியாவின் பாத்திக் ஏர், வியட்நாமின் வியட்ஜெட் என்று அதன்பின் வந்தவை எல்லாம் கிழக்கத்திய நிறுவனங்களே. பக்கத்தில் கொழும்புக்கு ஸ்ரீலங்கன். வளைகுடாவுக்குப் போகும் வேலையை ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற நம் நாட்டு நிறுவனங்கள் பார்த்துக்கொள்கின்றன. எமிரேட்ஸும் கத்தார் ஏர்வேஸும் சென்னையோடு நின்றுவிடுவதற்கு ஒப்பந்தத்தில் திருச்சி இல்லாததே முக்கியக் காரணம். ஓடுபாதை இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருப்பது இன்னொன்று. அதை நீட்டுவதற்கான நிலம் எடுப்பு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிறுவனங்கள் வராததற்குக் காரணம் இங்கே பயணிகள் இல்லாதது அல்ல.

2012 அக்டோபரில் சர்வதேச விமான நிலையம் என்ற அந்தஸ்து கிடைத்தது. பழைய கட்டடத்தில் இரண்டு விமானம் ஒரே நேரத்தில் வந்தால் மூச்சு முட்டும். 2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்து, அந்த ஜூனில் இயங்கத் தொடங்கிய புதிய முனையம் அப்படியில்லை. ஆண்டுக்கு 44 லட்சம் பேரையும், நெரிசல் நேரத்தில் 3,500 பேரையும் தாங்கும் அளவுக்கு, ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே கோலமும் நம் கோயிலின் வண்ணங்களும் இருக்கின்றன. உங்கள் அம்மா அதைப் பார்த்து மகிழ்வார். அதைவிட அவருக்கு வேண்டியது, வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் அது இருப்பது. காவிரிப் பாலம், பாலக்கரை, டி.வி.எஸ். டோல்கேட், செம்பட்டு. முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். வீட்டில் சாப்பிட்டு, வீட்டுக் கழிப்பறைக்குப் போய், சுவாமி விளக்கை ஏற்றிவிட்டுக் கிளம்பலாம். ஏதாவது மறந்திருந்தால் யாராவது ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

"இடையில் விமானம் மாற வேண்டுமே, அம்மா எப்படிச் சமாளிப்பாள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் சென்னையிலிருந்து கிளம்பினாலும் அமெரிக்காவுக்கு எங்கேயாவது மாறத்தான் வேண்டும். எங்கே மாறுகிறோம் என்பதுதான் வேறுபாடு. திருச்சியிலிருந்து போனால் அநேகமாகச் சிங்கப்பூரிலோ கொழும்பிலோ கோலாலம்பூரிலோ மாறுவார்கள். சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழ் ஆட்சிமொழி. மலேசியாவில் தமிழ் பேசும் ஊழியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டி ஃபிராங்க்ஃபர்ட்டில் வாயில் எண் மாறியதை எப்படித் தெரிந்துகொள்வார்? சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் யாரையாவது நிறுத்தி "தம்பி, இது எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட முடியும். எழுபது வயதுக்காரருக்கு அது பெரிய தைரியம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு, இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை ஒரே டிக்கெட்டாக எடுக்க வழி உண்டு. ஸ்ரீலங்கனில் கொழும்பு வழியாக லண்டன், மெல்போர்ன் போகலாம். பெட்டி கடைசி ஊரில்தான் கைக்கு வரும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. மலிவு என்று திருச்சி–கோலாலம்பூர் ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியாக எடுத்துக் கொடுத்தீர்களானால், பெரியவர் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியைத் தூக்கி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். விசா கேள்வியும் வரும். கோலாலம்பூரில் ஏர்ஏசியா இறங்குவது இரண்டாம் முனையத்தில். பல பெரிய நிறுவனங்கள் புறப்படுவது முதல் முனையத்தில். நடுவில் ரயில் பிடிக்க வேண்டும். இளைஞர் தனியாகப் போனால் அது ஒன்றுமில்லை. அம்மாவுக்கு வேண்டாம்.

திருச்சியில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு வழித்தடத்தில் நாளுக்கு ஒரு விமானம் என்றால், அது ரத்தானால் மறுநாள்தான். சென்னையில் வேறு வழி இருக்கும். வளைகுடாவிலிருந்து பள்ளி விடுமுறையிலும் பண்டிகையிலும் கட்டணம் ஏறும் வேகம் கூலி வேலைக்குப் போனவர்களைத் திணறவைக்கிறது. சுங்கச் சோதனையும் கடுமைதான். 'குருவிகள்' என்று சொல்லப்படும் கடத்தல்காரர்கள் தங்கம் கொண்டுவருவது இங்கே பல ஆண்டுக் கதை. அதனால் ஒன்றுமறியாதவர்களும் வரிசையில் நின்று பெட்டியைத் திறந்துகாட்ட வேண்டியிருக்கிறது. அம்மா பழைய நகைகளைப் போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், போகும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்பும்போது பேச்சு வராது.

இன்னொரு பயமும் இங்கே வீடுகளில் பேசப்படுகிறது. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டு, 141 பயணிகளோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானிலேயே வட்டமடித்தது. ஊர் முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எரிபொருளின் எடை குறையும்வரை சுற்றி, பத்திரமாகத் தரையிறக்கினார்கள், ஒருவருக்கும் காயமில்லை. கீழே ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டிகளும் தயாராக நின்றன. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த பெரியவர்கள் "திருச்சி விமானமே வேண்டாம்" என்கிறார்கள். அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: ஒரு கோளாறுக்கு அத்தனை பேர் விழித்திருந்து காத்த பயணம் அது. உளுந்தூர்பேட்டை தாண்டி ஓட்டுநர் கண்ணயர்ந்தால் அந்த ஏற்பாடு எதுவும் அங்கே இல்லை.

சென்னைதான் சரி என்ற இடங்களும் உண்டு. லண்டனில் இருப்பவர்களே, ஹீத்ரோவுக்குச் சென்னையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. நினைவு தடுமாறும் நிலையில் உள்ளவர், விமானம் மாறுவதே முடியாதவர் என்றால் அதைத்தான் எடுக்க வேண்டும். பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கும் அப்படியே. ஆனால் காரில் ராத்திரியோடு ராத்திரியாகப் போகும் முறையை விட்டுவிடுங்கள். திருச்சி–சென்னை விமானத்தையும் சேர்த்து ஒரே டிக்கெட்டில் கிடைக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ரயில். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே வைகையும் பல்லவனும் நிற்கின்றன. காலையில் ஏறினால் பகலில் தாம்பரம். ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, கால் நீட்டலாம். தாம்பரத்தில் இறங்கி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துச் சாயங்காலம் வரை படுத்திருந்து போகட்டும். திரும்பும்போதும் விடியற்காலையில் வெளியே வந்தவுடன் அறைக்குப் போய்த் தூங்கி எழுந்து, மத்தியானத்துக்கு மேல் ரயில் ஏறினால் இரவுக்குள் ஸ்ரீரங்கம். அந்த அறை வாடகை டிக்கெட்டில் நீங்கள் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதிதான்.

மதுரையைப் பற்றியும் கேட்கிறார்கள். 2024 அக்டோபரிலிருந்து அங்கும் இருபத்துநான்கு மணி நேரமும் விமானம் இறங்கலாம். மணப்பாறை, துவரங்குறிச்சிப் பக்கத்து வீடுகளுக்கு அது யோசிக்கத் தக்கது. ஸ்ரீரங்கத்துக்கு இல்லை.

பரந்தூர் வந்தால் கணக்கு இன்னும் மாறும். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், நகரிலிருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளி வரப்போகிறது. 2025-ல் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதலும் கொடுத்துவிட்டது. மீனம்பாக்கமாவது நாம் போகும் சாலையிலேயே, சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. பரந்தூர் பெங்களூர்ச் சாலைப் பக்கம். நெடுந்தூர விமானங்கள் அங்கே மாறினால், டெல்டாவிலிருந்து போகிறவர்கள் தெரிந்த சாலையை விட்டுத் திரும்ப வேண்டும். தாம்பரத்தில் இறங்கி லோக்கல் ரயிலில் திரிசூலம் போகும் வசதியும் அங்கே இருக்காது. அன்றைக்கு 'சென்னை' என்று டிக்கெட்டில் பார்த்தால் எந்தச் சென்னை என்றும் கேட்க வேண்டியிருக்கும்.

அது போன்ற கேள்வியை அமீரகத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள். திருச்சியிலிருந்து துபாய்க்கும் விமானம் இருக்கிறது, ஷார்ஜாவுக்கும் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பெருநகரம். ஒன்றில் வேலை பார்த்து மற்றொன்றில் குடியிருப்பவர்கள் ஆயிரக்கணக்கில். ஷார்ஜாவிலோ அஜ்மானிலோ குடியிருந்தால் ஷார்ஜாவில் இறக்குங்கள். சிறிய நிலையம், நடை குறைவு. துபாயில் தெற்கே தள்ளியிருந்தால் துபாய்தான். மலிவாக இருக்கிறது என்று ஷார்ஜாவில் இறக்கிவிட்டு, வேலை விட்டு எல்லாரும் வீடு திரும்பும் சாயங்காலத்தில் இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள நெரிசலில் பெற்றோரை நிறுத்தாதீர்கள். ஆனாலும் அந்தத் தவறு ஒன்றரை மணி நேரத்தோடு போய்விடும். சென்னைத் தவறு ஒரு பகலும் ஓர் இரவும்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். இரண்டு பேர் போய்வர, திருச்சிக்கும் சென்னைக்கும் கட்டணத்தில் இருபதாயிரம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவும் வரவுமாகக் கார் நான்கு முறை ஓட வேண்டும், ஏனென்றால் விட்டுவிட்டுத் திரும்புவதற்கும் கூப்பிட வருவதற்கும் வெறும் வண்டியும் வாடகையில் சேரும். டீசல், சுங்கம், ஓட்டுநர் படி, வழியில் சாப்பாடு எல்லாம் கூட்டினால் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. டிக்கெட் பணம் உங்கள் கார்டில் தெரிகிறது. கார் வாடகையை அப்பா தன் பென்ஷனில் கொடுத்துவிட்டு, "அதெல்லாம் பார்த்துக்கிட்டேன்" என்று சொல்லிவிடுகிறார். அதனால்தான் உங்கள் கணக்கில் சென்னை எப்போதும் ஜெயிக்கிறது.

எங்கள் ஊர் நலனும் இதில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. விமான நிறுவனங்கள் மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் கால அட்டவணையை மாற்றுகின்றன. இருக்கை நிறையாத தடம் அடுத்த அட்டவணையில் இருக்காது. திருச்சியிலிருந்து போக வேண்டியவர்கள் சென்னையில் ஏறும்போது, அவர்கள் சென்னைப் பயணிகளாகக் கணக்கில் சேருகிறார்கள். ஓடுபாதையை நீட்டுங்கள், ஒப்பந்தத்தில் எங்கள் ஊரைச் சேருங்கள் என்று நாம் டில்லியில் கேட்கும்போது அங்கே எடுத்துவைக்கப்படும் கணக்கு அதுதான். தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், கரூர் என்று இத்தனை மாவட்டத்துக்கும் இது ஒன்றுதான் வாசல். வேலைக்காகக் கடன் வாங்கிக்கொண்டு வளைகுடா போகும் ஓர் இளைஞனுக்கும், அவன் உடல்நலமில்லாமல் திரும்பும் நாளில் அவன் வீட்டாருக்கும் இந்த நிலையம் பக்கத்தில் இருப்பது எத்தனை உதவி என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மார்கழியில் ஏகாதசிக்கு வருகிறவர்களும், அதை முடித்துக்கொண்டு உங்களிடம் கிளம்புகிறவர்களும் உண்டு. அந்த நாட்களில் காவிரிப் பாலத்தை நம்பாதீர்கள். ஒய் ரோடு போய், பைபாஸ் பிடித்து, பால்பண்ணை, ஜி கார்னர் வழியாக விமான நிலையம் போகச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள். குறைந்தது நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லியிருக்க வேண்டும். அப்பா "எனக்கு எதுக்கு, நான் நன்றாகத்தானே நடக்கிறேன்" என்பார். பதிவு செய்துவிடுங்கள், பெரிய நிலையங்களில் வாயில்களுக்கு நடுவே அரை மணி நேர நடை இருக்கும். போவதற்கு மட்டும் இல்லாமல் திரும்புவதற்கும், மாறும் ஊரிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பும் டிக்கெட்டில் விட்டுப்போவதுதான் வழக்கம். மருந்துகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைக்கட்டும், பெட்டியில் வேண்டாம். உங்கள் வீட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாள் ஒன்று இருவர் கையிலும் தனித்தனியாக இருக்கட்டும்.

டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் ஒரு முறை போன் செய்து, "எதில் வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். "உன் இஷ்டம்" என்றுதான் பதில் வரும். விடாமல் இரண்டாவது முறை கேளுங்கள்.

அன்புடன்,
ஸ்ரீரங்கத்திலிருந்து, உங்கள் பெற்றோரின் அக்கம்பக்கத்தார் ஒருவர்